திருப்பிப் போட்ட கட்டில்

மலையடிவாரத்தில் ஒரு மடம். எழுந்து நடக்க முடியாதவர்களை அங்கே வைத்துப் பராமரித்தார்கள். பூசை கொஞ்சம், வேலை அதிகம். மடத்தை நடத்தியவர் உலகம்மை. வயது நாற்பதைத் தொடவில்லை. என்றாலும் எல்லோரும் அவரை அம்மை என்றே அழைத்தார்கள்.

படுத்த படுக்கையாக இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன அறை. வடக்கே ஜன்னல், அதில் மலை தெரியும். தெற்கே வாசல், அதற்கு வெளியே முற்றம். நடுவில் கிழக்கே தலை வைத்துக் கட்டில்.

பகலில் மடத்து மணி அடிக்கும்போதெல்லாம் படுத்திருப்பவரைப் புரட்ட வேண்டும். முதல் மணிக்கு அவர் முகம் மலையைப் பார்க்கும். அடுத்த மணிக்குக் கூரையை. அதற்கடுத்த மணிக்கு முற்றத்தை. பிறகு மறுபடியும் மலை. இரவில் மணி கிடையாது. பக்கத்தில் துணைக்குப் படுக்கும் சீடர் விழிக்கும்போதெல்லாம் புரட்டுவார். ஒரே பக்கமாகக் கிடந்தால் உடம்பின் எடையே தோலைத் தின்றுவிடும் என்பதற்காக இந்த ஏற்பாடு.

ஒரு நோயாளிக்கு ஒரு சீடர். குளிப்பாட்டுவது, துடைப்பது, உடை மாற்றுவது, புரட்டுவது எல்லாம் அவர் ஒருவரே. அம்மை பகலில் முற்றத்தின் வழியே நடந்து போவார். திறந்திருக்கும் வாசல் வழியாக உள்ளே ஒரு பார்வை. படுத்திருப்பவரின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால் போதும், வேலை நடந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். யாரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியதில்லை.

அந்த மடத்துக்கு ஆவுடையப்பன் வந்து சேர்ந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர். ஊரில் அச்சகம் வைத்திருந்து, அதை இழந்தவர். தொழில் தெரியாமல் இழக்கவில்லை. எதையும் உரிய நேரத்தில் செய்ய முடியாமல் இழந்தார். ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கல்யாணம் முடிந்த மறுநாள் அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்த கதையை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். சொல்லி முடிக்கும்போது முகத்தில் சிரிப்பு இருக்காது.

அவர் அம்மையிடம் கேட்டார். "மனசு ஒரு வேலையில் நிற்க மாட்டேங்குது, அம்மா. எத்தனையோ சங்கல்பம் எடுத்துப் பார்த்துட்டேன். எனக்கு ஒழுங்கு எப்படி வரும்?"

அம்மை அவரை ஓர் அறைக்கு அழைத்துப் போனார். கட்டிலில் கறுத்த, பருத்த ஒரு மனிதர் படுத்திருந்தார். "இவர் கொம்பையா. மணி அடிச்சா இவரைப் புரட்டுங்க" என்றார்.

"அது மட்டுமா?"

"அது மட்டும்."

கொம்பையா லாரி ஓட்டியவர். மலைப்பாதையில் வண்டி உருண்டதில் முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை.

அவருக்கு ஒரே மகள், செண்பகம். கணவன் வீட்டில் கேட்டுச் சம்மதம் வாங்கி, அப்பாவுக்காகச் சக்கர நாற்காலியும் வாங்கி வைத்திருந்தாள். இடுப்பிலும் முதுகிலும் தோல் கெடாமல் இருந்தால் தை மாதம் அவரை உட்காரவைத்துவிடலாம், வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கொம்பையா அந்த நாளுக்காகவே சாப்பிட்டார், தூங்கினார், மற்றவர்களைக் கேலி செய்தார்.

"அண்ணாச்சி, நான் கண்ணாடி இல்லாத வண்டி" என்று முதல் நாளே ஆவுடையப்பனிடம் சொன்னார். "பின்னால என்ன நடக்குன்னு எனக்குத் தெரியாது. கிளீனர் நீங்கதான் பாத்துச் சொல்லணும். நீங்க 'வரலாம்'னா வருவேன், 'நிறுத்து'ன்னா நிறுத்துவேன்."

தொடக்கத்தில் ஆவுடையப்பன் மணி அடித்த உடனே வந்தார். கொம்பையாவைப் புரட்டுவது எளிய வேலை இல்லை. தோளுக்கும் தொடைக்கும் கீழே கை கொடுக்க வேண்டும். உயிரில்லாமல் கனக்கும் கால்களை ஒன்றன்மேல் ஒன்று உரசாமல் வைக்க வேண்டும். நடுவே தலையணை செருக வேண்டும். நனைந்திருந்தால் துணி மாற்ற வேண்டும். முடித்து நிமிர்ந்தால், செய்ததற்கு அடையாளமாக எதுவும் தெரியாது. அடுத்த மணிக்கு அதையே மறுபடி செய்ய வேண்டும்.

இவ்வளவு சாதாரணமான வேலையை அம்மை தனக்குக் கொடுத்ததில் ஏதோ உள்ளர்த்தம் இருக்கும் என்று ஆவுடையப்பன் நினைத்தார். அதை யோசித்துக்கொண்டு மலைப்பக்கத்துப் பாறையில் உட்கார்ந்திருந்த ஒரு நாள், மணிச் சத்தம் காதில் விழுந்தும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

பிறகு அவர் கண்ணில் விறகுக் கொட்டகை பட்டது. விறகுகள் கண்டபடி கிடந்தன. அவர் அவற்றைப் பருமன் வாரியாகப் பிரித்து அடுக்கினார். மிக அழகாக வந்தது. சமையல்காரர் பார்த்துவிட்டு, இந்த மடத்தில் இப்படி ஒருவர் இதுவரை இருந்ததில்லை என்றார். அடுத்தது மூலிகைப் பாத்திகள். அதற்கடுத்தது பாத்திர அறை. மடம் முழுவதும் ஒழுங்காகிக்கொண்டு வந்தது. ஆவுடையப்பனுக்குத் தான் மாறிவிட்டதாகவே ஒரு நம்பிக்கை உண்டாயிற்று.

அப்படி ஒரு நாள் மதியம் பாத்திர அறையில் இருந்தபோது மணி அடித்தது. இந்த அடுக்கை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தார். அதை முடிப்பதற்குள் இன்னொரு மணியும் அடித்துவிட்டது. பதறிக்கொண்டு ஓடினார்.

கொம்பையா காலையில் படுக்கவைத்தபடியே வலப்பக்கமாகக் கிடந்தார். முகம் மலையைப் பார்த்திருந்தது. முற்றத்தைப் பார்த்திருக்க வேண்டிய நேரம் அது. முற்றத்தின் அந்தக் கோடியில் அம்மை நடந்து வருவது தெரிந்தது.

புரட்டி, துடைத்து, துணி மாற்றி, தலையணை செருகுவதற்கு அவகாசம் இல்லை. ஆவுடையப்பன் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்து இழுத்தார். வழவழப்பான சிமெண்டுத் தரை. கட்டில் சத்தமில்லாமல் அரைவட்டம் சுற்றியது. தலை மேற்கே போயிற்று. அதே வலப்பக்கமாகக் கிடந்த கொம்பையாவின் முகம் இப்போது முற்றத்தைப் பார்த்தது.

அம்மை வாசலைக் கடந்தார். உள்ளே ஒரு பார்வை பார்த்தார். போய்விட்டார்.

கொம்பையாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆயுசெல்லாம் வண்டி ஓட்டியிருக்கேன், அண்ணாச்சி. வண்டியைத் திருப்பச் சொன்னா ரோட்டைத் திருப்புத ஆளை இப்பதான் பாக்கேன்."

ஆவுடையப்பனும் சிரித்தார். அம்மையிடம் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். டிரைவர் கிளீனரைக் காட்டிக் கொடுத்ததாக எங்கேயாவது உண்டா என்றார் கொம்பையா.

இந்த ஒரு தடவைதான் என்று ஆவுடையப்பன் அன்று முடிவு செய்துகொண்டார். ஆனால் வழி ஒன்று தெரிந்துவிட்டது. அடுத்த தடவை தாமதமானபோது கை தானாகவே கால்மாட்டுக்குப் போயிற்று.

சில வாரங்கள் கழித்துக் குளிப்பாட்டும்போது கொம்பையாவின் வல இடுப்பில் ஒரு சிவப்பைப் பார்த்தார். உள்ளங்கை அகலம் இருந்தது. விரலால் அழுத்தினார். சிவப்பு மறையவில்லை.

அவர் பயந்துபோனார். வெள்ளிக்கிழமை முதல் ஒரு மணிகூடத் தவறாமல் வருவது என்று சங்கல்பம் செய்தார். சிவப்பின்மேல் தேங்காய் எண்ணெய் தடவினார். வெள்ளிக்கிழமை ஒழுங்காக வந்தார். சனிக்கிழமையும் வந்தார். ஞாயிற்றுக்கிழமை பாத்தியில் தண்ணீர் உடைத்துக்கொண்டது. அதைச் சரிசெய்யப் போனதில் இரண்டு மணிகள் தவறின. எடுத்த சங்கல்பம் உடைந்துவிட்டதால், அந்த வாரம் முழுவதும் வீணாகிவிட்டதாக நினைத்தார். வளர்பிறை பிறந்ததும் புதிதாகத் தொடங்கலாம் என்று தள்ளிப்போட்டார்.

சிவப்பு கறுப்பானது. கறுப்பின் நடுவில் தோல் பிய்ந்தது.

மழை விடாமல் பெய்த ஒரு நாள் கொம்பையா கேட்டார். "கிளீனர், பின்னால எப்படி இருக்கு? போன்ல மக கேட்டா. அப்பா உடம்புல புண்ணு கிண்ணு இல்லையேன்னா. உங்களைக் கேட்டுச் சொல்லுதேன்னேன்."

ஆவுடையப்பன் அப்போது அந்தப் புண்ணைத்தான் துணியால் மூடிக்கொண்டிருந்தார்.

"ஒன்றும் இல்லை. நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"அப்போ வரலாமா?"

"வரலாம்."

கொம்பையா போனை எடுத்து மகளிடம் அப்படியே சொன்னார்.

மார்கழியில் ஒரு நாள் அம்மை முற்றத்தில் நடந்து வரும்போது கொம்பையாவின் வாசலில் நின்றார். முகம் சரியான பக்கம்தான் இருந்தது. ஆனால் அறையிலிருந்து ஒரு வாடை வந்தது. அவர் உள்ளே போனார். தலை மேற்கே இருப்பதைப் பார்த்தார். போர்வையை விலக்கி, துணியை எடுத்தார்.

ஆவுடையப்பன் அப்போது மடைப்பள்ளியில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மை கூப்பிடுவதாகச் சொன்னார்கள். வந்தார். வாசலிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"வெந்நீர் கொண்டு வாங்க. விளக்கும் கொண்டு வாங்க" என்றார் அம்மை. மழை இருட்டில் அறைக்குள் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

ஆவுடையப்பன் விளக்கைப் பிடித்தார். அம்மை புண்ணைக் கழுவினார். மேலே சிறிய வாய். உள்ளே நாலு பக்கமும் குடைந்துகொண்டு போயிருந்தது. அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. ஆவுடையப்பன் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"கண்ணைத் திறங்க" என்றார் அம்மை. "வெளிச்சம் ஆடுது."

அவர் கண்களைத் திறந்தார். கழுவி முடிக்கும்வரை பிறகு மூடவில்லை.

கொம்பையாவுக்கு ஒன்றும் வலிக்கவில்லை. இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "என்ன, பின் டயர் போயிட்டா?" என்றார்.

டவுனிலிருந்து மருத்துவர் வந்தார். எலும்பு வரை போய்விட்டது, விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் வழியிலேயே எதுவும் நடக்கலாம் என்றார். கொம்பையா போக மறுத்துவிட்டார். இன்னொருத்தன் ஓட்டுகிற வண்டியில் படுத்துக்கொண்டு சாக மாட்டேன் என்றார்.

அன்று மாலை ஆவுடையப்பன் அம்மையின் காலில் விழுந்தார். தனக்குத் தண்டனை வேண்டும் என்றார். சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்கிறேன், அல்லது என்னை இங்கிருந்து துரத்திவிடுங்கள் என்று அழுதார்.

"கொம்பையாவுக்கு அதனால் என்ன ஆகும்?" என்று கேட்டார் அம்மை.

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"தினமும் அவர் முகத்தைப் பார்த்துட்டுப் போனவ நான். உள்ளே வந்து ஒரு நாள்கூடக் கை வைத்துப் பார்க்கலை" என்றார் அம்மை. "எழுந்திருங்க. சாப்பிட்டுட்டு வாங்க. அவரைத் தூக்கணும்னா உடம்பில் தெம்பு வேணும்."

அதன்பிறகு ஆவுடையப்பன் அந்த அறையை விட்டு வெளியே போகவில்லை. ஒரு மணிகூடத் தவறவில்லை. மணி அடிப்பதற்கு முன்பே எழுந்து நின்றார். துணி காய்ந்து மடித்து வைக்கப்பட்டிருந்தது. வெந்நீர் தயாராக இருந்தது. தலையணைகள் அதனதன் இடத்தில் இருந்தன. வாழ்நாள் முழுவதும் அவர் தேடிய ஒழுங்கு அந்த அறைக்குள் வந்துவிட்டிருந்தது. புண் ஆறவில்லை. காய்ச்சல் இறங்கவில்லை.

ஒரு நாள் அம்மையிடம் கேட்டார். "அப்போ முடியாதது இப்போ எப்படி அம்மா முடியுது?"

"இப்போ உங்களுக்குப் பயமா இருக்கு."

"பயம் போன பிறகு?"

அம்மை வெந்நீர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார்.

செண்பகம் வந்தாள். போனில் செய்தி சொல்லியிருந்தார்கள். என்றாலும் பஸ்ஸின் மேலே போட்டு அந்தச் சக்கர நாற்காலியையும் கொண்டுவந்திருந்தாள். கொண்டுவராமல் இருக்க மனம் வரவில்லை என்றாள். அதை அறைக்கு வெளியே சுவரோரமாக நிறுத்திவிட்டு, அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

எப்படி இப்படி ஆனது என்று கேட்டாள். கொம்பையா முந்திக்கொண்டார். "ரோடு மோசம்மா. யார் மேலயும் தப்பில்ல."

அம்மை ஆவுடையப்பனைப் பார்த்தார். வேறெதுவும் செய்யவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

ஆவுடையப்பன் சொன்னார். மணிகளைத் தவறவிட்டது, கட்டிலைச் சுற்றியது, சிவப்பைப் பார்த்தது, மறைத்தது, கடைசியில் 'நல்லாத்தான் இருக்கு' என்று சொன்னது. ஒன்றையும் விடாமல் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு அவள் அடிப்பதற்காகக் காத்திருந்தார்.

அவள் அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. அப்பாவின் நெற்றியைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"அப்பா போன்ல உங்களைப் பத்தித்தான் பேசுவாரு. எனக்கு நல்ல கிளீனர் கிடைச்சிருக்காருன்னு."

கொம்பையா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தை பிறப்பதற்குள் கொம்பையா இறந்துபோனார். காரியங்கள் முடிந்து செண்பகம் புறப்பட்டாள். நாற்காலியை மடத்துக்கே விட்டுவிட்டுப் போனாள். போகும்போது ஆவுடையப்பனிடம் எதுவும் பேசவில்லை.

அம்மை மடத்தில் ஒன்றை மாற்றினார். முற்றத்தில் நடந்து போகும்போது வாசலிலிருந்து பார்ப்பதை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு அறைக்குள்ளும் போய், போர்வைக்குள் கை விட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். அதற்கு அதிக நேரம் ஆயிற்று. சில நாட்கள் அவருக்குச் சாப்பிடவும் நேரம் கிடைக்கவில்லை.

ஆவுடையப்பன் தன் இரண்டு வேட்டிகளையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். விடைபெற்றுக்கொள்ள அம்மையிடம் வந்தார். நான் இங்கே இருக்கத் தகுதியில்லாதவன் என்றார். எங்கே போவீர்கள் என்று அம்மை கேட்கவில்லை. "வாங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

ஓர் அறையில் புதிதாக ஒருவர் வந்திருந்தார். பெயர் செல்லச்சாமி. கொத்தனார். சாரம் சரிந்து விழுந்தவர். இவருக்கும் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வயது முப்பதுக்குள்தான் இருக்கும். அவருடைய மனைவி கைக்குழந்தையோடு சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள்.

"பார்த்துக்கிறதுக்கு வேற ஆள் இல்லை" என்றார் அம்மை. "நடந்ததை எல்லாம் இவர்கிட்டச் சொல்லிட்டேன்."

செல்லச்சாமி ஆவுடையப்பனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேலி இல்லை, கோபமும் இல்லை. மருத்துவரின் கையில் ஊசியைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார். பிறகு மனைவி விழித்துவிடாதபடி மெதுவான குரலில் கேட்டார்.

"நீங்கதானா அது?"

"நான்தான்."

செல்லச்சாமி கையால் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஆவுடையப்பன் பையைக் கீழே வைக்கவில்லை. அம்மையின் பக்கம் திரும்பினார். "என்னை எனக்குத் தெரியும், அம்மா. முதல் வாரம் நன்றாகச் செய்வேன். இந்தப் பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அப்புறம் வேறெதையாவது அடுக்கப் போய்விடுவேன். நான் மறுபடியும் தவறினால்?"

அம்மை செல்லச்சாமியின் போர்வையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

"இவருக்கும் புண் வரும்."